செம்பனை ஓட்டுக் கான்கிரீட்: கியூப் தாங்கியது, தளம் வெடித்தது

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஒரு சோதனைக்கூடத்தில் 22 வருடமாகக் கான்கிரீட் உடைக்கிறேன். 150 மி.மீ. கனசதுரக் கட்டிகள், எங்கள் பேச்சில் கியூப், தினமும் நாற்பது ஐம்பது வரும். இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எத்தனை தாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படிப்பட்ட நானே, கருங்கல் சல்லிக்குப் பதில் செம்பனை (பாமாயில் பனை) கொட்டையின் ஓடு போட்ட கான்கிரீட்டால், புக்கிட் மெர்தாஜாமில் என் சின்னம்மா மகன் வீட்டுத் தளத்தை வெடிக்கவிட்டேன். கியூப் 34 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 34 நியூட்டன்) காட்டியது; இனி வரும் வலிமை எண்களும் இதே அலகில்தான். தளத்தில் தூணின் மூலையிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் ஒரே கீறல். "அக்கா, முப்பதுக்கு மேல வந்திருக்குன்னு சொன்னீங்க. பின்ன என்ன லா இது?" என்று தம்பி கேட்டபோது பதில் வரவில்லை. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். இரண்டாவது தளம் மூன்று தைப்பூச வெயிலைத் தாண்டிவிட்டது, கீறல் இல்லை. முதலாவதில் எங்கே பிசகினேன், இரண்டாவதில் என்ன செய்தேன் என்பதுதான் இது.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சமையலறைக்கு மேலே 6 மீட்டருக்கு 4 மீட்டர் திறந்த மொட்டைத் தளம். மழைத் தண்ணீர் வடியாமல் நடுவில் தேங்கி நின்றது. வாட்டம் கொடுக்க வேண்டும்: ஒரு பக்கம் 100 மி.மீ., மறுபக்கம் 50, சராசரி 75. சாதாரணக் கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. 75 மி.மீ. போட்டால் சதுர மீட்டருக்கு 180 கிலோ ஏறும். பார்த்த பொறியாளர் 150க்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றார். எடை குறைந்த கான்கிரீட் 1,850 கிலோவில் கிடைத்தால் 139 கிலோதான். மொத்தத் தளத்திலும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு டன் மிச்சம். பழைய தளத்தின் மேல் புதிதாக எதைப் போடுவதானாலும் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள், பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். தூண், உத்திரம் என்று பாரம் தாங்கும் உறுப்புகளுக்கு நான் இங்கே சொல்வது எதுவும் பொருந்தாது. அதை முழுக்கப் பொறியாளரிடமே விட்டுவிட வேண்டும்.

எடையைக் குறைக்க வழிகள் பல. நுரைக் கான்கிரீட் இருக்கிறது, ஆனால் 1,000 கிலோ அடர்த்தியில் அதன் வலிமை ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. பள்ளம் நிரப்பலாம், அவ்வளவுதான். தெர்மோகோல் மணிகள் கலவையில் மிதந்து மேலே வந்து உயிரை வாங்கும். சுட்ட களிமண் உருண்டை அருமையான பொருள், எங்கள் சின்ன வேலைக்கு விலை கட்டவில்லை. நான் செம்பனைக் கொட்டை ஓட்டை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். கொதிகலனுக்கு எரிபொருளே அந்த ஓடுதான். மிச்சத்தைத் தோட்டத்துச் சாலைக் குழிகளில் கொட்டுவார்கள், அதன் மேல் சைக்கிள் ஓட்டி விழுந்து முட்டி தேய்ந்தவள் நான். அந்த ஓட்டைக் கருங்கல் சல்லிக்குப் பதிலாகப் போட்டுக் கான்கிரீட் செய்யலாமா என்று மலேசியாவில் 1980களிலிருந்தே ஆராய்ந்திருக்கிறார்கள். 20 முதல் 35 வரை வலிமை வருகிறது, ஓட்டை நொறுக்கிப் போட்டால் 40ஐத் தாண்டியும் வருகிறது. ஒரு காலத்தில் ஆலையில் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். இப்போது ஜப்பானுக்கு எரிபொருளாகக் கப்பலேறுகிறது, எனவே காசு கேட்பார்கள்.

வலிமை வேறு, வெடிப்பு வேறு

இதைப் புரிந்துகொள்ளாததுதான் என் முதல் தவறு. கியூப் சொல்வது அமுக்கினால் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும். தளம் வெடிப்பது அமுக்கத்தால் அல்ல, இழுவையால். கான்கிரீட் காயும்போது சுருங்கப் பார்க்கிறது. கீழே பழைய தளம், பக்கத்தில் சுவர், நடுவில் தூண் எல்லாம் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சுருங்க முடியாமல் உள்ளே இழுவை ஏறுகிறது. தாங்க முடிந்த அளவைத் தாண்டினால் பிளக்கிறது.

ஐரோப்பியக் கான்கிரீட் வடிவமைப்பு விதிநூலான யூரோகோட் 2இல் எடை குறைந்த கான்கிரீட்டுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. 1,800 கிலோ அடர்த்திக்கு அதன் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், அதே அமுக்க வலிமையுள்ள சாதாரணக் கான்கிரீட்டின் இழுவலிமையில் 89 சதவீதம் வருகிறது. விறைப்பு 67 சதவீதம்தான். சுருக்கம் 1.2 மடங்கு. விறைப்பையும் சுருக்கத்தையும் பெருக்கினால் உள்ளே ஏறும் இழுவை 0.67 × 1.2, அதாவது 0.8 பங்கு. தாங்கும் சக்தி 0.89 பங்கு. ஆக, கணக்குப்படி எடை குறைந்த கான்கிரீட் கொஞ்சம் குறைவாகத்தான் வெடிக்க வேண்டும்! பொருள் விறைப்பாக இல்லாமல் வளைந்து கொடுப்பதால் வரும் லாபம் இது. (சூத்திரம் களிமண் உருண்டை போன்ற கனிமச் சல்லிக்கு எழுதியது. ஓட்டுக் கான்கிரீட்டில் விறைப்பு இன்னும் குறையும், சுருக்கம் இன்னும் கூடும். ஆனால் திசை இதுதான்.)

பிறகு ஏன் வெடித்தது? தண்ணீர். கலக்கும் முன், கலக்கும்போது, ஊற்றிய பிறகு, மூன்று இடத்திலும் நான் தண்ணீரைக் கோட்டைவிட்டேன். "பயமாக இருக்கிறது, எதற்கும் சிமெண்டைக் கூட்டிப் போடுவோம்" என்று கன மீட்டருக்கு 550 கிலோவுக்கு ஏற்றியது அதற்கு மேல். சிமெண்டுப் பசைதான் சுருங்குவது. பசை கூடினால் சுருக்கமும் கூடும். வலிமைக்குச் செய்தது வெடிப்புக்கு வழிவிட்டது.

ஓட்டைத் தயார்செய்வது

ஆலையிலிருந்து வரும் ஓட்டில் நார் இருக்கும், தூசு இருக்கும், தொட்டால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். வெளியில் ஐந்தாறு மாதம் மழையில் கிடந்த பழைய ஓடு கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள், பிசுக்கு பாதி போயிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கலக்கிக் கழுவி, நுரை போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். பிறகு சலிக்க வேண்டும். 12 மி.மீ.க்கு மேல் இருக்கும் பெரிய, கிண்ணம் போல வளைந்த துண்டுகளைத் தனியே எடுத்து நொறுக்குங்கள். வழவழப்பான வளைந்த பக்கத்தில் பசை பிடிக்காது. உடைந்த விளிம்பில்தான் பிடிக்கும்.

அடுத்தது ஊறவைப்பது. இதில்தான் என் கதை கெட்டது. சமையலறைத் தராசிலேயே சோதித்துப் பாருங்கள்: நன்றாகக் காய்ந்த ஓடு ஒரு கிலோ எடுத்து 24 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள், துணியால் ஒற்றி நிறுங்கள். 1.2 கிலோவுக்கு மேல் காட்டும். கருங்கல்லில் இப்படிச் செய்தால் முள் அசையக்கூட அசையாது. அந்த 200 கிராமில் பாதியை முதல் மணி நேரத்திலேயே குடித்துவிடும். முதல் முறை நான் கழுவிய ஓட்டை வெயிலில் பரப்பிச் சலசலவென்று காயவைத்திருந்தேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. கலவை இயந்திரத்திலிருந்து வரும்போது பார்க்க அழகாக இருந்தது. கால் மணி நேரத்தில் உப்புமா மாதிரி இறுகிவிட்டது. ஓடு தண்ணீரைக் குடித்துவிட்டது. நான் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அபாங் (மலாய்க்கார அண்ணன்) குழாயைத் திறந்து அடுத்தடுத்த கலவையை இளக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, இறுகிய கலவையை மட்டப்பலகையால் யார் இழுப்பது? ஆனால் நான் கியூப் எடுத்தது முதல் கலவையிலிருந்து. அந்த 34 முதல் கலவையின் மதிப்பெண்தான்.

ஆகவே முந்தைய நாளே ஊறப்போடுங்கள். ஊற்றும் நாள் காலையில் எடுத்து நிழலில் தார்ப்பாயில் பரப்புங்கள். மேலே மினுமினுப்பு போய், உள்ளங்கையில் அள்ளினால் குளிர்ச்சியாக, ஆனால் தண்ணீர் சொட்டாமல் இருக்கும் பதம்தான் சரி. அப்படி ஊறிய ஓடு கலவையிலிருந்து தண்ணீரைத் திருடாது. பசை இறுகிக் காயத் தொடங்கும்போது தன்னிடம் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். உள்ளிருந்தே நீராற்றல், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடுவது, நடக்கும்.

கலவை

50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு: காய்ந்த மணல் 90 கிலோ, ஓடு 35 கிலோ (காய்ந்த எடை; ஊறிய பிறகு 43 வாக்கில் இருக்கும்), தண்ணீர் 19 லிட்டர், தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து டப்பாவில் போட்ட அளவுப்படி, 12 மி.மீ. பாலிபுரொப்பிலீன் இழை 90 கிராம். கன மீட்டருக்கு 480 கிலோ சிமெண்டு விழும். ஒரு மூட்டைக்கு ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கலவை வரும். எங்கள் 1.8 கன மீட்டருக்கு 18 மூட்டை ஆனது. பெரிய வேலைக்கு முன் மூன்று கியூப் அளவுக்குச் சோதனைக் கலவை போட்டு 7 நாளில் உடைத்துப் பாருங்கள்; ஓடு ஆலைக்கு ஆலை மாறும்.

வாளிக் கணக்கில் அளக்காதீர்கள், தராசு கொண்டு வாருங்கள். மணலைக் குறிப்பாகச் சொல்கிறேன். இரவு மழை பெய்திருந்தால் மணலில் 5 சதவீதம் ஈரம் சுலபமாக இருக்கும். 90 கிலோவில் நாலரை லிட்டர்! அதைக் கழிக்காமல் 19 லிட்டரையும் ஊற்றினால் சிமெண்டுக்கு 0.38ஆக இருக்க வேண்டிய தண்ணீர் 0.47 ஆகிவிடும். ஒரு கிலோ மணலைப் பழைய வாணலியில் வறுத்து மறுபடி நிறுத்தால் ஈரம் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

இழை வலிமையைக் கூட்டாது. கலவை பச்சையாக இருக்கும் முதல் சில மணி நேரம் மயிரிழைக் கீறல் விடாமல் பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் போடுகிறோம். மாதக் கணக்கில் வரும் சுருக்கத்துக்கு இழையை நம்பக் கூடாது.

கலவையைக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கியதும் எத்தனை மி.மீ. சரிகிறது என்று இளக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எடை குறைந்த கலவை தன் பாரத்தில் அதிகம் சரியாது. 75 மி.மீ. சரிந்தாலே சாதாரணக் கலவையில் 100 சரிந்ததற்குச் சமமாகக் கையாள வரும். எண் குறைவாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதிர்வு ஊசியையும் கொஞ்சமாகத்தான் பிடிக்க வேண்டும். சாதாரணக் கான்கிரீட்டில் அதிர்வு கூடினால் கல் கீழே போகும், இதில் ஓடு மேலே மிதந்து வரும். அப்புறம் மேல்மட்டத்தில் ஓட்டுக் கூட்டமும் அடியில் வெறும் சாந்தும் இருக்கும்.

ஊற்றுவதற்கு முன்

பழைய தளத்தோடு முழுக்க ஒட்ட வைக்க வேண்டும், அல்லது முழுக்கப் பிரித்துவிட வேண்டும். பாதி ஒட்டிப் பாதி விட்டதுதான் கண்டபடி வெடிக்கும், ஓரம் தூக்கும். நாங்கள் பிரித்தோம். நீர்த்தடைப் பூச்சு காய்ந்த பிறகு, அதன் மேல் இரண்டு அடுக்குப் பாலிதீன் விரித்து வழுக்க விட்டோம். இதற்குக் குறைந்தது 50 மி.மீ. தடிப்பாவது வேண்டும். சுவரைச் சுற்றியும் தூணைச் சுற்றியும் 10 மி.மீ. நுரைப் பட்டை ஒட்டினோம்.

முதல் தளத்தில் பட்டை வைத்திருந்தும் தூணிடம் விட்டுவிட்டேன். உள்நோக்கித் திரும்பும் மூலை எதுவானாலும் கீறல் அங்கிருந்துதான் கிளம்பும். சட்டைக் கழுத்து கிழிவதைப் பாருங்கள், அதே இடம்தான். இரண்டாம் முறை தூணின் ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே 600 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ. கம்பி இரண்டு சாய்வாகப் போட்டோம்.

கம்பி வலை 6 மி.மீ., 200 மி.மீ. இடைவெளி, கடையில் ஏ142 பிஆர்சி என்று கேட்டால் கொடுப்பார்கள். வலை மேல் பாதியில் இருக்க வேண்டும். இங்கே வேலையாட்கள் வலையைத் தரையில் விரித்து, ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடுவதாகச் சொல்வார்கள். தூக்குவார்கள், அடுத்த நிமிடம் அவர்களே அதன் மேல் நடப்பார்கள். கொத்தி எடுத்தபோது எங்கள் வலை பாலிதீனோடு படுத்திருந்தது. மீட்டருக்கு ஒரு சிமெண்டுக் கட்டையாவது வைத்துக் கட்டுங்கள்.

ஊற்றும் நாள்

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட காற்று. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்களுக்குத் தெரியும், தார்ச் சாலையில் கால் வைக்க முடியாது. முதல் தளத்தை அந்த நாட்களில்தான், அதுவும் பகல் 11 மணிக்கு, ஊற்றினேன். மேலே ஈரம் ஆவியாகும் வேகத்துக்கு உள்ளிருந்து நீர் ஏறி வராவிட்டால் தோல் மட்டும் சுருங்கிக் கிழியும். இரண்டு மணிக்கே ஒரு சாண் நீளத்தில் இணையிணையாகக் கோடுகள். அந்த நேரத்தில் பார்த்திருந்தால் கரண்டியால் அழுத்தித் தேய்த்தே மூடியிருக்கலாம். நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம்.

இரண்டாம் முறை அதிகாலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்தோம். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டினோம். மட்டம் இழுத்ததும் விசைத்தெளிப்பானில் பனி போலத் தண்ணீர் காட்டி, உடனே பாலிதீன் போர்த்தி, தேய்க்கும் இடத்தை மட்டும் திறந்து திறந்து தேய்த்தோம். மேலே தண்ணீர் தேங்கி நிற்கும்போது தேய்க்கக் கூடாது, தோல் உரியும். காய்ந்த சிமெண்டைத் தூவி ஈரத்தை உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அன்று சாயங்காலமே வெட்டு. 24 சதுர மீட்டரை நான்கு கட்டமாக, ஒவ்வொன்றும் 3க்கு 2 மீட்டர், தடிப்பில் கால் பங்கு ஆழத்துக்கு அறுத்தோம். ஆணியால் கீறிப் பார்த்தால் கோடு விழ வேண்டும், ஓடு பெயர்ந்து வரக் கூடாது, அதுதான் நேரம். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் தானே வெட்டிக்கொள்ளும். எப்படியும் வரப்போகிற கீறலுக்கு நாம் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஏழு நாள் ஈரச்சாக்கு, அதன் மேல் பாலிதீன். காலையும் மாலையும் தண்ணீர். இந்த வேலையைத் தம்பியின் பெண் குழந்தையிடம் ஒப்படைத்தோம், ஒரு நாள்கூட விடவில்லை. முதல் முறை என்ன நடந்தது தெரியுமா? கியூப் எங்கள் கூடத்துத் தொட்டியில் 28 நாள் குளித்துக்கொண்டிருந்தது, தளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை நான்கு கியூப்களைத் தளத்திலேயே, அதே சாக்குக்கு அடியில் வைத்தேன், மூன்று வேறு வேறு கலவையிலிருந்து எடுத்து. சராசரி 28 வந்தது. முந்தையதைவிட 6 குறைவு.

உடைந்த கியூபைப் படிப்பது

எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் துண்டுகளைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் சுவாரசியம். கருங்கல் கியூப் 600, 700 கிலோநியூட்டனில் டமார் என்று வெடித்து மணல்கடிகை வடிவத்தில் நிற்கும். ஓட்டுக் கியூப் சத்தம் போடாது. முனகிக்கொண்டே கீறல் விட்டு, உச்சத்தைத் தாண்டியும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வழவழப்பான சின்னச் சின்னக் கிண்ணக் குழிகள் தெரிந்தால் ஓடு முழுசாகக் கழன்று போயிருக்கிறது என்று அர்த்தம். பசை பிடிக்கவில்லை: எண்ணெய் போகக் கழுவவில்லை அல்லது நொறுக்கவில்லை. அங்கே சிமெண்டைக் கூட்டிப் பயனில்லை. ஓடே இரண்டாக உடைந்து பழுப்பு விளிம்பு தெரிந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது, இனி வலிமைக்கு எல்லை ஓடுதான். எங்கள் முதல் 34இல்கூடக் குழிகள் கணிசமாக இருந்தன. அன்றே கவனித்திருக்க வேண்டும்.

வந்துவிட்ட கீறலுக்கு

எப்போது வந்தது என்பதைப் பொறுத்துத்தான் மருந்து. ஊற்றிய அன்றே வந்து, ஓரத்தைத் தொடாமல் நடுவிலேயே நின்றுவிட்டால் மேல்தோல் கீறல். கம்பி வலையின் கட்டம் அப்படியே மேலே தெரிந்தால் கலவை கம்பியைச் சுற்றி அமர்ந்ததால் வந்தது. வாரக்கணக்கில் கழித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடினால் காய்ந்த சுருக்கம், அடிவரை போயிருக்கும். பென்சிலால் இரு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் நகராமல் நின்றால் இளகிய எபாக்சி இறக்கி மூடலாம். இன்னும் நீண்டுகொண்டிருந்தால் எபாக்சி வீண், பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். நெகிழும் பாலியூரித்தேன்தான் அதற்கு.

டைல்ஸ் பதிப்பதாக இருந்தால் அவசரப்படாதீர்கள். ஊறிய ஓடு தண்ணீரை மெதுவாக விடுவதால் இந்தத் தளம் காய வழக்கத்தைவிட நாளாகும், சுருக்கமும் இழுத்துக்கொண்டே போகும். தம்பி நாலாவது வாரமே டைல்ஸ் வாங்கிக் கூடத்தில் அடுக்கிவிட்டான், சின்னம்மா தினமும் அதில் இடித்துக்கொண்டார். எட்டாவது வாரம்தான் பதிக்கவிட்டேன், நெகிழும் பசையில், தளத்தின் வெட்டுக்கு நேர் மேலே டைல்ஸ் இணைப்பு வரும்படி. அந்த இணைப்பில் வெள்ளைச் சிமெண்டு அடைக்காமல் ரப்பர் மாதிரியான நிரப்பியைப் போட்டோம். நிறம் மற்றக் கோடுகளோடு சேரவில்லை என்று சின்னம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.